வைன் திராட்சைத் தோட்டம்: நடுவதற்கு முந்தைய ஓராண்டு

கேள்வி: நானும் என் தம்பியும் சேர்ந்து இரண்டு ஏக்கர் சரிவு நிலம் வாங்கியிருக்கிறோம். முன்பு அது ஆப்பிள் தோட்டமாக இருந்தது. ஆறு மாதங்களுக்கு முன் மரங்களை வெட்டிவிட்டார்கள்; அடிக்கட்டைகள் இன்னும் மண்ணில் இருக்கின்றன. மேல்பகுதி கல் கலந்த மண். கீழ்க்கோடியில் மழைக்குப் பின் சில நாட்கள் தண்ணீர் நிற்கிறது, வசந்தத்தில் உறைபனியும் விழுகிறது. குடும்ப அளவில் வைன் தயாரித்து விற்பது எங்கள் எண்ணம். வரும் வசந்தத்திலேயே நட்டுவிட நினைக்கிறோம். நண்பர் ஒருவர் தம் தோட்டத்திலிருந்து எட்டு ரகங்களின் குச்சிகளை இலவசமாகத் தருவதாகச் சொல்கிறார். எத்தனை கொடிகள் நடலாம், மண்ணை எப்படித் தயார் செய்வது, முதல் வைன் எப்போது கிடைக்கும் என்று சொல்வீர்களா?

பதில்: உங்கள் மூன்று கேள்விகளுக்கும் விடை சொல்வதற்கு முன், நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: வரும் வசந்தத்தில் நட வேண்டாம், அதற்கு அடுத்த வசந்தத்தில் நடுங்கள். ஒழுங்காக நட்ட திராட்சைக் கொடி 30 ஆண்டுகள் காய்க்கும். நன்கு பேணினால் அதற்கு மேலும் காய்க்கும். மண்ணுக்கு மேலே நேரும் பிழைகளை, அதாவது கவாத்திலோ கம்பியிலோ மருந்திலோ நேர்வனவற்றை, அடுத்த பருவத்தில் திருத்திக்கொள்ள முடியும். ஆனால் முழங்கால் ஆழத்தில் இருக்கும் இறுகிய மண் படுகையையும், மக்காத மரவேரையும், அடிமண்ணின் அமிலத்தன்மையையும் கொடிகள் வரிசையாக நின்ற பிறகு யாரும் சரிசெய்ய முடியாது. உங்கள் கடிதத்தில் நீங்கள் சொல்லும் நிலத்தில் இந்த மூன்றுமே இருக்க வாய்ப்புண்டு என்பதால்தான் ஓராண்டு தள்ளிப்போடச் சொல்கிறேன்.

கொடிகளின் எண்ணிக்கையை நிலத்தின் அளவிலிருந்து கணக்கிடாமல் பாட்டில்களின் எண்ணிக்கையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். வரிசைக்கு வரிசை 2.4 மீட்டர், கொடிக்குக் கொடி 1.2 மீட்டர் என்று வைத்தால் ஓர் ஏக்கரில் கணக்குப்படி ஏறத்தாழ 1,400 கொடிகள் அடங்கும். வரிசைகளின் இரு முனைகளிலும் டிராக்டர் திரும்ப 8 மீட்டராவது விட வேண்டும், ஓரங்களில் வேலிக்கும் இடம் வேண்டும்; ஆகவே நடைமுறையில் 1,200 கொடிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தரமான வைனுக்குக் கொடி ஒன்றுக்கு 2 முதல் 3 கிலோ வரை பழம் என்பது இந்த இடைவெளிக்கு நியாயமான விளைச்சல். ஒரு கிலோ பழத்திலிருந்து 0.6 முதல் 0.7 லிட்டர் வரை வைன் கிடைக்கும். ஆக, ஓர் ஏக்கர் முழு விளைச்சலுக்கு வரும்போது ஏறத்தாழ 3,000 கிலோ பழமும், அதிலிருந்து 1,900 லிட்டர் வைனும், 750 மில்லி பாட்டில்களாகச் சுமார் 2,500-ம் கிடைக்கும். இரண்டு ஏக்கர் என்றால் 5,000 பாட்டில்கள். ஆண்டுதோறும் இத்தனை பாட்டில்களை யாரிடம் விற்பீர்கள் என்பதற்கு இப்போதே உங்களிடம் பதில் இருக்கிறதா?

உழைப்பையும் இதே முறையில் கணக்கிடலாம். குளிர்காலக் கவாத்துக்குக் கொடி ஒன்றுக்கு மூன்று நிமிடம் என்று வைத்தாலும் 2,400 கொடிகளுக்கு 120 மணி நேரம் ஆகும். அது ஆண்டின் பல வேலைகளில் ஒன்றுதான். தளிர் நீக்குதல், கம்பிக்குள் கொடியைச் செருகுதல், இலை கிள்ளுதல், மருந்து தெளித்தல், வலை கட்டுதல், அறுவடை ஆகியவை எல்லாம் பருவம் தவறாமல் வந்து நிற்கும். வேறு வேலையும் பார்த்துக்கொண்டு இருவர் கவனிக்கக்கூடிய தோட்டம் ஓர் ஏக்கர்தான் என்பது என் மதிப்பீடு. நிலத்தின் மேல்பகுதியில் ஓர் ஏக்கரை முதலில் நடுங்கள். நடுப்பகுதியில் உள்ள அரை ஏக்கரைத் தயார் செய்து புல்லோடு விட்டுவையுங்கள். மூன்று நான்கு ஆண்டுகள் கழித்து, எந்த ரகம் உங்கள் மண்ணில் சொன்னபடி கேட்கிறது என்று தெரிந்த பிறகு அதை நடலாம். கீழ்க்கோடியில் திராட்சையே வேண்டாம்.

கீழ்க்கோடியைப் பற்றி இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. குளிர்ந்த காற்று கனமானது. காற்றசைவு இல்லாத இரவுகளில் அது சரிவு வழியே வழிந்து பள்ளத்தில் தேங்கும். வசந்தத்தில் மொட்டு வெடித்து வந்த இளந்தளிர் உறைநிலைக்கு ஒன்றிரண்டு பாகை (செல்சியஸ்) கீழே போனாலே கருகிவிடும். இரண்டாம் மொட்டுகள் பிறகு துளிர்த்தாலும் அவற்றில் காய் குறைவாகவே இருக்கும். இன்னொரு காரணம் தண்ணீர். திராட்சை வறட்சியை ஓரளவு தாங்கும். துளிர்த்து வளரும் பருவத்தில் வேரடியில் நீர் தேங்குவதைத் தாங்காது. கீழ் எல்லையில் அடர்ந்த புதர்வேலியோ மதிலோ இருந்தால், குளிர்காற்று வெளியேற வழியில்லாமல் அது மேலேயும் ஏறி வரும். அங்கே சில மீட்டர் அகலத்துக்குத் திறந்துவிடுங்கள். இந்த ஒரு வேலையை மட்டும் வரும் வசந்தத்துக்கு முன்பே செய்துவிட்டு, உறைபனி விழும் காலைகளில் வெண்மை எந்த மட்டம் வரை ஏறியிருக்கிறது என்று பார்த்து முளையடித்து வையுங்கள். நடவின் கீழ் எல்லை எது என்பதை அந்த முளைகள் காட்டும்.

இனி மண். முதலில் குழி வெட்டிப் பாருங்கள், ஆய்வகம் பிறகு. மேலே, நடுவே, கீழே என்று ஒவ்வொரு பகுதியிலும் ஒரு மனிதர் உள்ளே இறங்கி நிற்கும் அகலத்தில், 1.2 முதல் 1.5 மீட்டர் ஆழத்துக்குக் குழி எடுக்கச் சொல்லுங்கள். பக்கச் சுவரைக் கத்தியால் மேலிருந்து கீழாகச் சுரண்டிப் பாருங்கள். கத்தி ஓரிடத்தில் திடீரென்று தடைப்பட்டு, அதற்குக் கீழே மறுபடி இளகினால் அதுதான் இறுகிய படுகை; பல ஆண்டுகள் கனமான வண்டிகள் ஓடிய பழத்தோட்டங்களில் இது பெரும்பாலும் 25 முதல் 50 செ.மீ. ஆழத்துக்குள் இருக்கும். பழைய வேர்களையும் கவனியுங்கள்: நேராக இறங்கிய வேர் ஓர் ஆழத்தில் சட்டென்று பக்கவாட்டில் திரும்பி ஓடியிருந்தால், உங்கள் கொடியின் வேரும் அங்கேயே திரும்பும். மண் சாம்பல் நிறமாகி அதற்குள் துருப்பிடித்தது போன்ற செம்புள்ளிகள் தென்பட்டால், ஆண்டின் ஒரு பகுதியில் அந்த ஆழம் வரை நீர் தேங்குகிறது என்று அர்த்தம். கோடையில் எவ்வளவு காய்ந்து கிடந்தாலும் இந்த நிறம் மறையாது என்பதால், இந்தச் சோதனையை எந்தப் பருவத்திலும் நம்பலாம்.

நடுப்பகுதியில் அப்படிச் செம்புள்ளி தெரிந்தால் வடிகாலைப் பற்றி யோசிக்க வேண்டும். 60 செ.மீ. ஆழக் குழியில் நீர் நிரப்பி வடியவிட்டு, மீண்டும் நிரப்புங்கள். மறுநாளும் நீர் நின்றால் நிலத்தடியில் துளைக்குழாய் பதித்து நீரை வெளியேற்றாமல் அங்கே நடுவதில் பயனில்லை. இரண்டு ஏக்கருக்கு அந்தச் செலவு தகுமா என்று கேட்டால், முதல் ஏக்கருக்குத் தேவைப்படாதவரை தகாது என்பேன்.

ஆய்வுக்கான மண்ணை 0 முதல் 30 செ.மீ. வரை ஒரு மாதிரியாகவும், 30 முதல் 60 செ.மீ. வரை இன்னொரு மாதிரியாகவும் தனித்தனியே எடுக்க வேண்டும். இரண்டையும் கலந்து அனுப்புவது பரவலாக நடக்கிறது. அப்படி வரும் அறிக்கை மேல்மண்ணையும் காட்டாது, அடிமண்ணையும் காட்டாது. ஒவ்வொரு பகுதியிலும் பதினைந்து இருபது இடங்களில் எடுத்து, ஆழவாரியாகக் கலந்து, அதிலிருந்து அரை கிலோ அனுப்பினால் போதும். கேட்க வேண்டியவை: பி.எச். அளவு (அமில-கார நிலை), சுண்ணாம்புத் தேவை, கரிமச்சத்து, மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்), மக்னீசியம், உப்பு நிலை, செம்பு. சுண்ணாம்பு மிகுந்த மண் என்றால் வினைபடும் சுண்ணாம்பின் அளவையும் கேளுங்கள். வேர்ச்செடியை, அதாவது ஒட்டுக்கு அடியில் வேராக அமையும் கொடியை, தேர்ந்தெடுக்க அது கட்டாயம் தேவை. செம்பைக் குறிப்பிட்டுச் சொல்லக் காரணம், பழத்தோட்டங்களில் பல ஆண்டுகள் செம்பு கலந்த பூசணக்கொல்லி தெளித்திருப்பார்கள். அமில மண்ணில் அந்த எச்சம் இளம் வேர்களுக்கு நஞ்சாகும். வேரைத் தாக்கும் நுண்ணிய நூற்புழுக்களுக்கான சோதனையைத் தனியாகச் செய்ய வேண்டும், அதற்கான மண்ணை ஈரம் காயாமல் அனுப்ப வேண்டும்.

பி.எச். 6 முதல் 7 வரை இருந்தால் நல்லது. 5.5-க்குக் கீழே போனால் மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேர்நுனிகளைக் கெடுக்கும். அதைத் திருத்தச் சுண்ணாம்பு இட வேண்டும். சுண்ணாம்பு மண்ணில் தானாகக் கீழிறங்குவது மிக மெதுவாகத்தான். வினைபுரியவும் பல மாதங்கள் பிடிக்கும். எனவே ஆழ உழுவதற்கு முன்பே தூவி, உழவோடு சேர்த்து மண்ணுக்குள் அனுப்புவதற்குக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு நடவுக்கு முந்தைய ஆண்டுதான். மணிச்சத்துக் குறைவாக இருந்தால் அதற்கும் இதே விதி பொருந்தும்.

சாம்பல்சத்து விஷயத்தில் வைனுக்கான தோட்டம் மற்றப் பழத்தோட்டங்களிலிருந்து வேறுபடுகிறது. மண்ணில் அது மிகுந்தால் பழச்சாற்றிலும் மிகும். சாற்றின் டார்டாரிக் அமிலத்தோடு சேர்ந்து உப்பாகப் படிந்து, சாற்றின் பி.எச். அளவை உயர்த்திவிடும். 3.8-ஐத் தாண்டிய சாற்றில் வைன் சப்பென்று இருக்கும், சிவப்பின் நிறம் மங்கும், கெடுக்கும் நுண்ணுயிர்கள் எளிதில் பெருகும், காப்புக்காகச் சேர்க்கும் கந்தக டைஆக்சைடும் சரியாக வேலை செய்யாது. அறிக்கையில் குறை என்று வராதவரை சாம்பல்சத்து உரத்தைத் தொடவே வேண்டாம். தொழுவுரத்துக்கும் இதே எச்சரிக்கை உண்டு. புதிதாகத் தோட்டம் போடுபவர்கள் அன்பு மிகுதியால் லாரி லாரியாக எருவைக் கொட்டுகிறார்கள். கொடி காடாக வளர்ந்து, தன் நிழலிலேயே தன் பழத்தை மூடி, பச்சை வாடையுள்ள வைனைத் தருகிறது. கரிமச்சத்து இரண்டு மூன்று சதவீதம் இருந்தால் அதை அப்படியே காத்துக்கொண்டால் போதும்.

ஆப்பிள் வேர்களுக்கு வருவோம். அடிக்கட்டைகளைச் சீவிவிட்டு மண்ணை மூடிவிடும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். கட்டைகளைப் பெயர்த்தெடுத்து, விரல் தடிமனுக்கு மேற்பட்ட வேர்களை எல்லாம் பொறுக்கி நிலத்தைவிட்டு வெளியேற்ற வேண்டும். ஆர்மில்லேரியா என்னும் வேரழுகல் பூசணம் மண்ணில் கிடக்கும் மரவேர்த் துண்டுகளில் பல ஆண்டுகள் உயிரோடிருந்து, பிறகு கொடியின் வேருக்குத் தாவும். பட்டைக்கு அடியில் வெள்ளைத் தோல்போலப் படர்ந்து, காளான் வாடை வீசும் வேர் எங்காவது கிடைத்தால் அந்த இடத்தைக் குறித்துவைத்து, சுற்றியுள்ள வேர்களை இன்னும் கவனமாகத் தோண்டி எடுங்கள். அந்த வட்டத்தில் முதல் ஏக்கர் நடவைத் தவிர்ப்பது மேல். வேர் பொறுக்கிய பிறகு ஒரு பருவம் தானியமும் பயறு வகையும் கலந்து விதைத்து, பூக்கும் சமயத்தில் மடக்கி உழுங்கள். அறுகு, கோரை போன்ற நிலைத்த களைகளை அழிப்பதற்கும் இந்த ஓராண்டுதான் உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம். கொடி நட்ட வரிசைக்குள் கோரைக்கிழங்கைத் தேடிக்கொண்டிருப்பது யாருக்கும் நேரக்கூடாத வேலை.

ஆழ உழவைக் கோடையின் கடைசியில், மண் நன்றாகக் காய்ந்திருக்கும்போது செய்யுங்கள். காய்ந்த மண்ணில் உளிக்கலப்பையின் கொழு செல்லும் வழியெங்கும் படுகை பாளம் பாளமாக நொறுங்கும். ஈர மண்ணில் அதே கொழு வெண்ணெயில் கத்தி போல ஒரு கோடு கீறிவிட்டுப் போகும், கீறலின் பக்கங்கள் மெழுகினாற்போல் இறுகி நிலைமை முன்னைவிட மோசமாகும். 60 முதல் 75 செ.மீ. ஆழம் போதும். அடிமண்ணை மேலே புரட்டும் கலப்பை வேண்டாம், உடைத்துவிட்டால் போதும். முதல் ஓட்டத்தைச் சரிவின் குறுக்காக ஓட்டி, இரண்டாம் ஓட்டத்தை வரிசைக் கோடுகளின் வழியே ஓட்டலாம். உழுத சரிவை மழைக்காலத்தில் வெறுமையாக விடக்கூடாது. உடனே புல்லோ தானியமோ விதைத்து மண்ணைப் பிடித்துவையுங்கள்.

நண்பரின் குச்சிகளை நன்றியோடு மறுத்துவிடுங்கள். இதற்கு இரண்டு காரணங்கள், இரண்டுமே கனமானவை. வைனுக்குப் பயன்படும் மரபான ஐரோப்பிய ரகங்கள் எல்லாம் வைட்டிஸ் வினிஃபெரா என்னும் இனத்தைச் சேர்ந்தவை. வட அமெரிக்காவிலிருந்து வந்த ஃபில்லாக்சரா என்னும் வேர்ப்பேனை அதன் வேர் தாங்காது. 1860-களில் தெற்கு பிரான்சில் தென்பட்ட அந்தப் பூச்சி ஐரோப்பாவின் தோட்டங்களைப் பெருமளவு அழித்தது. அமெரிக்கக் காட்டுத் திராட்சை இனங்களின் வேரில் ஐரோப்பிய ரகத்தை ஒட்டுக் கட்டுவதுதான் அன்று கண்ட தீர்வு, இன்றும் அதுவே தீர்வு. வேர்ச்செடியின் பரம்பரையில் வினிஃபெரா கலந்திருந்தாலும் ஆபத்து வரலாம்: ஏஎக்ஸ்ஆர்-1 என்னும் அப்படிப்பட்ட கலப்பு வேர்ச்செடியை நம்பி நட்ட கலிபோர்னியத் தோட்டங்கள் 1980-களில் பூச்சிக்கு ஆளாகி, பெரும் பரப்பைப் பிடுங்கி மறுபடி நட வேண்டியதாயிற்று. வெறும் குச்சியை ஊன்றி வளர்க்கும் கொடிக்கு இந்தப் பாதுகாப்பு சிறிதும் இல்லை.

இன்னொரு காரணம் நச்சுயிரி. இலைச்சுருள் நச்சுயிரி தாக்கிய சிவப்பு ரகக் கொடி இலையுதிர்காலத்தில் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இலை முழுதும் சிவந்து அழகாகக் காட்சி தரும். அதைப் பருவத்தின் அழகு என்று நினைத்துப் படமெடுப்பவர்கள் உண்டு. வெள்ளை ரகங்களில் அந்த அறிகுறிகூடப் பல சமயம் தெரியாது. பழம் தாமதமாகப் பழுக்கும், சர்க்கரை ஏறாது, மாவுப்பூச்சி வழியாக அண்டைக் கொடிகளுக்கும் பரவும், மருந்து கிடையாது. நண்பரின் தோட்டம் சுத்தமானதாகவே இருக்கலாம், ஆனால் சோதிக்காமல் அதை அவரும் அறிய முடியாது. சான்று பெற்ற நாற்றங்காலில், நச்சுயிரி சோதித்த ஒட்டுச்செடிகளைப் பதிவு செய்யுங்கள். ரகத்துக்கும் வேர்ச்செடிக்கும் ஏற்ப அவர்கள் ஒட்டுக் கட்டி வளர்த்துத் தர ஓராண்டுக்கு மேலும் ஆகலாம் என்பதால், பதிவை வரும் வசந்தத்திலேயே செய்தாக வேண்டும். நடவைத் தள்ளிப்போட்ட ஓராண்டு வீணாகவில்லை என்பது இதிலும் தெரியும்.

எட்டு ரகங்கள் வேண்டாம். இரண்டு போதும், ஆசைக்கு மூன்றாவதாக ஒன்று. வைன் கலத்தின் அளவை வைத்து இதைப் பாருங்கள். வழக்கமான 225 லிட்டர் ஓக் பீப்பாயை நிரப்ப 350 கிலோவுக்குக் குறையாமல் பழம் வேண்டும், அதாவது 150 முதல் 180 கொடிகள் வரை. 1,200 கொடிகளை எட்டாகப் பிரித்தால் ஒவ்வொரு ரகத்துக்கும் 150 கொடிகள் வரும். நல்ல ஆண்டில் ஒரு பீப்பாய் ஏதோ நிரம்பும், உறைபனியோ ஆலங்கட்டியோ பறவையோ பாதியைக் கொண்டுபோன ஆண்டில் அரைப் பீப்பாய்தான் இருக்கும். அரைகுறையாக நிரம்பிய கலத்தில் மீதியிடத்தைக் காற்று நிரப்பும். காற்றுப் பட்ட வைன் காடியாகும். எட்டு ரகங்களும் எட்டு வெவ்வேறு நாட்களில் பழுக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு ரகங்கள், பழுப்பதில் இரண்டு மூன்று வார இடைவெளி, ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு என்றால் ஒரே பிழியும் கருவியும் ஒரே கை ஆட்களும் இரண்டுக்கும் உதவும்.

எந்த ரகம் என்பதை உங்கள் தட்பவெப்பம்தான் முடிவு செய்ய வேண்டும். வளர்பருவத்தில் ஒவ்வொரு நாளின் சராசரி வெப்பமும் 10 பாகைக்கு மேல் எத்தனை பாகை இருந்தது என்று கூட்டிப் பார்ப்பது பழைய முறை; கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் அமெரைனும் விங்க்லரும் 1944-இல் இதை வைத்துத்தான் பகுதிகளைப் பிரித்தார்கள். அருகிலுள்ள வானிலை நிலையத்தின் பத்தாண்டுத் தரவை எடுத்துக் கணக்கிடுங்கள். வசந்தத்தில் உறைபனி விழும் நிலத்தில் சார்டனே போல முந்தித் துளிர்க்கும் ரகம் ஆபத்து. காபர்னே சாவிஞான் பிந்தித் துளிர்த்து உறைபனிக்குத் தப்பும், ஆனால் பழுக்கவும் நெடுங்காலம் எடுக்கும். வளர்பருவம் குறுகிய இடத்தில் அதன் பழம் பச்சையாகவே நின்றுவிடும். குளிர்காலம் பூச்சியத்துக்குக் கீழே 20 பாகையைத் தாண்டும் இடமென்றால் வினிஃபெராவை விட்டு, மின்னசோட்டா பல்கலைக்கழகம் வெளியிட்ட ஃப்ரான்டெனாக், மார்கெட் போன்ற குளிர் தாங்கும் கலப்பு ரகங்களைப் பாருங்கள். மழை மிகுந்த கோடையென்றால் சாம்பல் நோயும் அடிச்சாம்பல் நோயும் உங்கள் மருந்துச் செலவைத் தீர்மானிக்கும் என்பதால், நோய் எதிர்ப்புள்ள ரீஜென்ட், சொலாரிஸ் போன்றவற்றைக் கேலியாக ஒதுக்க வேண்டாம். பெயர் பெற்ற ரகத்தில் கிடைத்த சுமாரான வைனைவிட, பெயர் தெரியாத ரகத்தில் கிடைத்த நல்ல வைன் விற்பனைக்கு எளிது.

வரிசைகளை வடக்குத் தெற்காக வைத்தால் இரு பக்கமும் வெயில் சமமாகப் படும். சரிவு அதற்கு இடம் கொடுக்காவிட்டால் சரிவைத்தான் மதிக்க வேண்டும்: செங்குத்தான இடத்தில் குறுக்காக ஓடும் டிராக்டர் கவிழும், மேலிருந்து கீழாக ஓடும் வரிசையில் மண் அரிக்கும். சரிவு 10 சதவீதத்துக்கு மேல் என்றால் மேலிருந்து கீழாக வைத்து, வரிசை இடைவெளிகளில் நிரந்தரமாகப் புல் வளருங்கள். டிராக்டரின் அகலத்தோடு ஒரு மீட்டர் கூட்டினால் வருவதுதான் குறைந்தபட்ச வரிசை இடைவெளி. அதை முடிவு செய்வதற்கு முன் டிராக்டரை முடிவு செய்யுங்கள். முதல் வரிசையைக் கயிறு கட்டி நேராக்கி, அதற்குச் செங்குத்தாக முனைக்கோட்டை 3, 4, 5 மீட்டர் முக்கோணத்தால் பிடியுங்கள். முதல் வரிசையில் ஒரு சாண் பிசகினால் முப்பதாவது வரிசையில் அது வழியையே அடைத்துவிடும்.

நடும் நாளைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். செடிகள் உறக்க நிலையில், மண்ணின்றி வேர் தெரிய வரும். வந்த நாள் முதல் நடும் வரை அவற்றின் வேர் ஒரு மணி நேரம்கூடக் காயக்கூடாது. உடனே நடாவிட்டால் ஈரச் சாக்கில் சுற்றி, உறையாத குளிரில் வையுங்கள். நடுவதற்கு முன் சில மணி நேரம் நீரில் ஊறட்டும், ஒரு நாளுக்கு மேல் வேண்டாம். குழியை 30 முதல் 40 செ.மீ. ஆழத்துக்கு எடுங்கள். களிமண் கலந்த இடத்தில் இயந்திரத் துளைப்பானால் குழி எடுத்தால் சுவர் பானையின் உட்புறம்போல் வழுவழுப்பாகிவிடும்; வேர் அதைத் துளைக்காமல் உள்ளேயே சுற்றும். குழி எடுத்தவுடன் சுவரைத் தோட்ட முள்கரண்டியால் கீறிவிடுங்கள். வேர் குழியைவிட நீளமாக இருந்தால் வேரைக் கத்தரியுங்கள், மடித்துத் திணிக்காதீர்கள். நான்காம் ஆண்டிலும் முழங்கால் உயரத்துக்கு மேல் போகாத கொடியைப் பிடுங்கிப் பார்த்தால், பல சமயம் வேர்க்கொத்து முழுதும் தூண்டில் முள்போல மேல்நோக்கி வளைந்திருக்கும். நட்ட கை அன்றைக்கு அவசரத்தில் செடியைக் கீழே அழுத்தியதன் அடையாளம் அது.

ஒட்டுக் கட்டிய இடம் மண்மட்டத்துக்கு 10 முதல் 15 செ.மீ. மேலே நிற்க வேண்டும். ஆழ உழுத மண் முதல் ஆண்டில் அமுங்கும், அதோடு செடியும் சற்று இறங்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். ஒட்டு மண்ணுக்குள் போய்விட்டால் மேல்ரகம் தானே வேர்விட்டு, வேர்ச்செடிக்காக நீங்கள் கொடுத்த பணம் பயனற்றுப் போகும். குழிக்குள் உரம் எதுவும் வேண்டாம், இளவேரைச் சுட்டுவிடும். எடுத்த மண்ணையே பாதி நிரப்பி, செடியை மெல்ல உயர்த்தி வேரைப் பரப்பி, மீதியை நிரப்பி மிதித்து, மழை வரும்போல் இருந்தாலும் அன்றே 10 லிட்டர் நீர் ஊற்றுங்கள். அந்த நீர் தாகத்துக்காக இல்லை, வேரைச் சுற்றியுள்ள காற்றுப் பைகளை மூடுவதற்காக. பிறகு தண்டை இரண்டு மொட்டுக்கு வெட்டிவிடுங்கள். பணம் கொடுத்து வாங்கிய செடியை வெட்டக் கை வராது என்பது தெரியும், வெட்டுங்கள்.

முனைக் கம்பங்களையும் சொட்டுநீர்க் குழாயையும் நடவோடு அமைத்துவிட்டு, கம்பிகளை முதல் ஆண்டு முடிவதற்குள் இழுத்தால் போதும். கனி தாங்கும் கம்பி 80 முதல் 90 செ.மீ. உயரத்திலும், தளிர்களைப் பிடிக்கும் இரட்டைக் கம்பிகள் அதற்கு மேலும் வரும். இழுவை முழுவதும் முனைக் கம்பங்களில்தான் விழும் என்பதால் சிக்கனத்தை வேறெங்காவது காட்டுங்கள். முதல் இரண்டு ஆண்டுகளில் கொடியடியில் இரு பக்கமும் அரை மீட்டர் அகலத்துக்குப் புல் பூண்டு இல்லாமல் வைத்திருப்பது எந்த உரத்தையும்விட அதிகப் பலன் தரும். முயல், மான் வரும் நிலமென்றால் செடிக்கு உறை போடுங்கள்.

முதல் வைன் எப்போது என்று கேட்டிருந்தீர்கள். நட்ட ஆண்டில் வேர் வளரும். இரண்டாம் ஆண்டில், பென்சில் தடிமனுக்கு வந்த கொடியைத் தண்டாக ஏற்றலாம். வராததைத் தயங்காமல் மறுபடி இரண்டு மொட்டுக்கு வெட்ட வேண்டும். இந்த இரண்டு ஆண்டுகளிலும் வரும் பூங்கொத்துகளைக் கிள்ளிவிடுங்கள். மூன்றாம் ஆண்டில் பாதி விளைச்சல், நான்காம் ஐந்தாம் ஆண்டில் முழு விளைச்சல். வெள்ளை வைன் அறுவடைக்கு அடுத்த ஆண்டே பாட்டிலுக்கு வரும், பீப்பாயில் முதிரும் சிவப்பு இன்னும் ஓராண்டு கேட்கும். இன்றிலிருந்து எண்ணினால் உங்கள் மண்ணின் முதல் பாட்டிலுக்கு ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அதுவரை கையைக் கட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை: ஒவ்வோர் அறுவடையிலும் பிற தோட்டக்காரர்களிடம், நீங்கள் நடப்போகும் ரகங்களில் நூறு இருநூறு கிலோ பழம் வாங்கி வைன் செய்து பழகுங்கள். நொதித்தலில் வரும் சிக்கல்களை வாங்கிய பழத்தில் கற்பது மலிவு; இந்த ரகம் உங்களுக்குப் பிடிக்கவில்லை என்பதை நாற்றங்காலுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள முடிந்தால் இன்னும் நல்லது.

உரிமங்களை இந்தக் குளிர்காலத்திலேயே விசாரியுங்கள். விற்பனைக்கு வைன் தயாரிக்க அனுமதி தேவை என்பது பலருக்குத் தெரியும்; ஐரோப்பிய ஒன்றியத்தின் பல நாடுகளில் வைன் திராட்சையை நடுவதற்கே முன் அனுமதி வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. வைன் கூடத்துக்கான இடத்தையும் இப்போதே ஒதுக்கி, வண்டி வரும் பாதையையும் கழுவு நீர் போகும் வழியையும் வரைபடத்தில் குறித்துவிடுங்கள். சர்க்கரையும் வண்டலும் கலந்த அந்தக் கழுவு நீரை அருகில் ஓடை இருந்தால் அதற்குள் விடப் பெரும்பாலும் அனுமதிக்க மாட்டார்கள்.

வேர்ச்செடியின் பெயரை நான் வேண்டுமென்றே சொல்லவில்லை. வறண்ட கல்மண்ணுக்கு 110 ரிக்டர், சுண்ணாம்பு மிகுந்த மண்ணுக்கு 161-49 கூடர்க், சுண்ணாம்பு குறைந்த, கொடியின் வேகத்தை அடக்க வேண்டிய மண்ணுக்கு 3309 கூடர்க் என்று பொதுவாகச் சொல்லலாம், ஆனால் உங்கள் அடிமண் அறிக்கையும் நூற்புழு முடிவும் இல்லாமல் அவற்றில் ஒன்றைச் சுட்டுவது ஊகமாகிவிடும். குழிகளின் பக்கச்சுவரை அளவுகோல் வைத்துப் படமெடுத்து, இரண்டு ஆழங்களின் அறிக்கைகளோடு அனுப்பிவையுங்கள். நாற்றங்காலில் பதிவு செய்யும் முன் வேர்ச்செடியை முடிவு செய்துவிடலாம்.